பீடி சுற்றும் கைகளும் சீரியலும்

ஐயா,

எங்கள் ஊர்ப் பேச்சு என்றால் வரிக்கு நாலு ‘ஏலே’, கடைசியில் ஓர் அரிவாள் என்றே பல படங்கள் காட்டி வந்தன. ‘பரியேறும் பெருமாள்’ (2018) பார்த்தபோதுதான் நிஜமான நெல்லை மனிதர்களைத் திரையில் கண்டேன். பரியனின் அப்பாவாக வந்த மறைந்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் கூத்துக் கலைஞர். வேட்டியை உருவி அவரை ஓடவிடும் காட்சியை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. ‘வாழை’யும் (2024) அப்படித்தான். தார் சுமக்கும் அந்தச் சிறுவனின் கழுத்து கண்ணிலேயே நிற்கிறது.

சீரியல்கள்தான் வருத்தம் தருகின்றன. 2002-ல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கவலை நம் வீட்டுக் கவலையாக இருந்தது. இப்போதோ ஒரு அறை விழுந்தால் அதை மூன்று தடவை காட்டி, அப்புறம் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் முகத்தையும் காட்டுவதற்குள் அன்றைய பாகமே முடிந்துவிடுகிறது.

எங்கள் பக்கம் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டேதான் சீரியல் பார்க்கிறார்கள். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். கண் திரையில் இருந்தாலும் கை நிற்காது. இத்தனை காலம் சீரியல்களைப் பார்த்து ஆதரவு கொடுத்தவர்கள் அவர்கள். பங்களா மாமியார் மருமகள் சண்டையை விட்டுவிட்டு, இவர்களின் கூலி, கடன், பிள்ளைகள் படிப்பு இவற்றை வைத்து ஐம்பது பாகத்தில் ஒரு நல்ல தொடரைத் தொலைக்காட்சிகள் எடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், முக்கூடல்