பார்படாஸ் சேம்சைடு கோல்: கோணல் விதியில்தான் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கால்பந்து விநோதங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1994 கரீபியன் கோப்பைத் தகுதிச்சுற்றில் பார்படாஸ் வேண்டுமென்றே போட்ட சேம்சைடு கோலை 'மேட்ச் ஃபிக்ஸிங்' வரிசையில் சேர்த்திருக்கிறது. இது சரியல்ல. அந்த ஆட்டத்தில் யாரும் யாரிடமும் விலை போகவில்லை. இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகத்தான் ஆடின. பின்னர் ஃபிஃபாவும் பார்படாஸ் மீது தவறில்லை என்றுதான் முடித்தது. 'ஏதோ ஒரு விசித்திர விதி' என்று கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டதால், கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

குழுவில் மூன்றே அணிகள்: பார்படாஸ், கிரெனடா, போர்ட்டோ ரிக்கோ. முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் டிரினிடாடில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம். முதல் ஆட்டத்தில் போர்ட்டோ ரிக்கோ 1-0 என்று பார்படாஸை வென்றது. அடுத்ததில் கிரெனடா 2-0 என்று போர்ட்டோ ரிக்கோவை வென்றது. ஜனவரி 27 அன்று பார்படாஸ் மண்ணில் கடைசி ஆட்டம். வெற்றிகள் சமமானால் கோல் வித்தியாசம், அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது, முடிவு செய்யும். அப்போது அது கிரெனடாவுக்கு பிளஸ் 2, பார்படாஸுக்கு மைனஸ் 1. போர்ட்டோ ரிக்கோ தன் இரண்டு ஆட்டங்களையும் முடித்து மைனஸ் 1-இல் நின்றது. பார்படாஸ் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் மூன்று அணிகளுக்கும் தலா ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ஆனால் கிரெனடா பிளஸ் 1, பார்படாஸ் பூஜ்யம் என்பதால் கிரெனடா போய்விடும். இரண்டு கோல் வித்தியாசம் என்றால் பார்படாஸ் பிளஸ் 1, கிரெனடா பூஜ்யம். ஆகவே பார்படாஸுக்குத் தேவை இரண்டு கோல் வித்தியாசம், குறைந்தால் வீட்டுக்கு. போர்ட்டோ ரிக்கோவுக்கோ எந்த முடிவு வந்தாலும் வழியில்லை.

இனி விதிக்கு வருவோம். எந்த ஆட்டமும் சமனில் முடியக் கூடாது, சமனானால் கூடுதல் நேரம். கூடுதல் நேரத்தில் விழும் முதல் கோலோடு ஆட்டம் முடியும், அதுதான் கோல்டன் கோல். இந்த இரண்டும் தனித்தனியே உலகம் அறிந்தவைதான். கோல்டன் கோல் முறையை 2004 வரை பெரிய போட்டிகளிலும் வைத்திருந்தார்கள். மூன்றாவதுதான் வினை: அந்தக் கோல்டன் கோலை இரண்டு கோலாக எண்ணுவது என்று அமைப்பாளர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

பார்படாஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 83-ஆவது நிமிடம் கிரெனடா ஒன்று போட்டு 2-1 ஆக்கியது. எஞ்சிய நேரத்தில் கிரெனடாவின் மொத்த அணியும் பின்னால் வந்து அடைத்து நிற்கையில் இன்னொரு கோல் போடுவது கடினம். ஆனால் 2-2 ஆக்கிவிட்டால் முப்பது நிமிடம் கிடைக்கும். அதில் ஒரே ஒரு கோல் போட்டால் 4-2. ஏற்கெனவே 2-1 என்றால் வெளியேற்றம்தான், ஆக இழப்பதற்கும் ஒன்றுமில்லை. 87-ஆவது நிமிடம் டிஃபெண்டர் சீலியும் கோல் கீப்பர் ஸ்டவுட்டும் பந்தை மாறி மாறித் தட்டிக்கொண்டார்கள், பிறகு சீலி அதைத் தன் வலைக்குள்ளேயே அடித்தார்.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். 2-2-இல் கிரெனடா எந்தப் பக்கம் கோல் போட்டாலும் தகுதி: 3-2 என்று ஜெயித்தாலும் சரி, சேம்சைடு போட்டு 2-3 என்று தோற்றாலும் சரி. அதனால் பார்படாஸ் வீரர்கள் இரண்டாகப் பிரிந்து, தங்கள் கோலையும் எதிராளியின் கோலையும் சேர்த்தே காத்தார்கள். 'கிரெனடாவும் சேம்சைடு கோல் போட்டது' என்று எழுதியிருப்பது பிழை. முயன்றது, பார்படாஸ் விடவில்லை. கோல் வாங்கிய அணிதான் நடுவட்டத்தில் பந்தைத் தொடங்கும் என்பதால் 2-2-க்குப் பிறகு பந்து பார்படாஸ் காலில் இருந்தது. கிரெனடா ஃப்ரீ கிக்கையோ த்ரோ-இன்னையோ நேராகச் சொந்த வலைக்குள் அனுப்பினால் கோல் கிடையாது, எதிரணிக்கு கார்னர் மட்டுமே. கிரெனடா தன் பாக்ஸுக்குள் வேண்டுமென்றே கையால் தொட்டு பார்படாஸுக்கு பெனால்டி தந்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தப் பெனால்டியை பார்படாஸ் வெளியே அடித்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கூடுதல் நேரத்தில் பார்படாஸின் டிரெவர் தார்ன் கோல் போட்டார், 4-2.

'நேருக்கு நேர் ஆட்ட முடிவை முதலில் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்' என்ற கட்டுரையின் யோசனையும் எடுபடாது. மூன்று அணிக் குழுவில் அ, ஆ-வை வென்று, ஆ, இ-யை வென்று, இ, அ-வை வென்றால் நேருக்கு நேர் கணக்கும் முழுக் கணக்கும் ஒன்றேதான். இந்த ஆட்டத்தில் கோல்டன் கோலை ஒன்றாக எண்ணியிருந்தாலே போதும்: 3-2, பார்படாஸ் வெளியே, சேம்சைடுக்கு வேலையே இல்லை. லீக் ஆட்டத்தில் சமனை அப்படியே விட்டிருந்தாலும் இதே பலன்தான்.

எந்தப் போட்டியின் விதியையும் அச்சுக்கு அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடைசி ஆட்டத்துக்கு 0-0 முதல் 4-4 வரை எல்லா ஸ்கோரையும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் தகுதி என்று குறியுங்கள். ஓர் அணி ஒரு கோல் வாங்கியதால் அதன் நிலை மேம்படும் கட்டம் எங்காவது இருந்தால் விதி ஓட்டை. இங்கே 2-1 கட்டத்திலேயே அது பளிச்சென்று தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை.

உண்மையில் கண்டிக்க வேண்டிய சேம்சைடு, தென்கிழக்கு ஆசிய அணிகளுக்கான 1998 டைகர் கோப்பையில் நடந்தது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஏற்கெனவே அரையிறுதியில் இருந்தன. குழுவில் முதலிடம் பிடித்தால் போட்டியை நடத்தும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும், அதனால் இரண்டுக்குமே ஜெயிக்க மனமில்லை. இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி தன் வலைக்குள் அடித்துத் தன் அணியையே 3-2 என்று தோற்கடித்தார். அவருக்கு சர்வதேச ஆட்டங்களில் ஆயுள் தடை. இதையும் பார்படாஸையும் ஒரே பத்தியில் அடைத்தது நியாயமில்லை.

மூன்று அணிக் குழு பழங்கதையும் அல்ல. 2026 உலகக் கோப்பைக்கு மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்கள் என்றுதான் ஃபிஃபா முதலில் திட்டமிட்டிருந்தது. 2023 மார்ச்சில்தான் நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களாக மாற்றியது. மூன்று பேர் குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா உட்கார்ந்து பார்க்கும், ஆடும் இரண்டுக்கும் எந்த ஸ்கோர் போதும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

கடைசியாக, பெட்டிச் செய்தியில் ஒரு திருத்தம். 1994 இறுதி ஆட்டத்தில் டிரினிடாட் அண்ட் டொபாகோ வென்றது பார்படாஸை அல்ல, மார்டினிக்கை, ஸ்கோர் 7-2. பார்படாஸ் அதற்கு முன்பே குழுச் சுற்றில் வெளியேறியிருந்தது.

இப்படிக்கு,
கால்பந்துப் பக்கத்தின் வாசகர்