அக்காவுக்கு இதயம் மாற்றவில்லை: ஒரு நன்றி மடல்

எங்கள் தோட்டத்து உறவுகளுக்கும், கண்டி தேசிய வைத்தியசாலையில் அக்காவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

அக்கா வீடு திரும்பி மூன்று மாதமாகிறது. நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு கதையை முடித்துவிடுகிறேன். அக்காவுக்கு இதயம் மாற்றவில்லை, அதற்குள் கதவு மாதிரி இருக்கும் வால்வைத்தான் மாற்றினார்கள். "யாரோ செத்தவங்க நெஞ்சாம்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. கோபமில்லை, சிரித்துக்கொண்டோம்.

சும்மா கிளம்பிய கதையும் இல்லை அது. இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் இதே கண்டி வைத்தியசாலையில்தான் நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இதயத் தசையே களைத்துப்போய் அதைத்தான் யோசிக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். அதற்கு மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் அந்தத் துக்கத்திலும் சம்மதிக்க வேண்டும். எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணித்தியாலத்துக்குள் பொருத்த வேண்டும். அப்புறம் உடம்பு அதை ஒதுக்கிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து. கேட்கக் கேட்க அம்மாவுக்குக் கை நடுங்கியது.

சின்ன வயதில் அக்காவுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வரும், முழங்கால் மாறி மாறி வீங்கும். குளிர்தானே என்று தைலம் தேய்த்தோம். தொண்டை நோவில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் என்று யாருக்குத் தெரியும்? அப்போதே கண்டுபிடித்து மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டிருந்தால், இந்த வால்வு இவ்வளவு கெட்டிருக்காதாம். பெரிய சத்திரசிகிச்சைக்குச் செலவாகும் அரசாங்கப் பணத்தில் கொஞ்சம் அந்த மலிவான ஊசிக்கும் எங்கள் லயன் வீடுகளுக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

மலையேற மூச்சு வாங்கியபோது ஓரிடத்தில் "இரத்தம் குறைவு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருஷம் போய்விட்டது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் ஓர் இளம் டொக்டர் அம்மாதான் நெஞ்சில் குழாயை வைத்து நிறைய நேரம் கேட்டுவிட்டு, அன்றைக்கே கண்டிக்குக் கடிதம் எழுதித் தந்தார். டொக்டர் அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

சத்திரசிகிச்சைக்கு எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வால்வும் அரசாங்கம் தந்ததுதான். சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் நாங்களும் வரி கட்டுகிறோம், அதனால் இதைத் தர்மம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவிரவாக அக்காவின் பக்கத்தில் நின்ற தாதிமாருக்கு எந்தக் கணக்கில் கைம்மாறு செய்வது? தமிழ் அவ்வளவாகத் தெரியாமலே "பயம் வேணாம் அக்கே" என்று கையைப் பிடித்துக்கொண்ட சிங்களத் தங்கச்சிக்கும், முகம் தெரியாமல் இரத்தம் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

கண்டிக்குப் போக வர, தங்க, சாப்பிட ஆன செலவைத் தாங்கியது நீங்கள்தான். தன் முறைக்கு விழுந்த சீட்டுக் காசை அப்படியே அம்மா கையில் வைத்த பெரியம்மா, சம்பள நாளில் துண்டை விரித்துச் சேர்த்த கொழுந்துக்கார அக்காமார், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்துக் காம்பரா மாமி, உங்களை மறக்க மாட்டோம்.

இப்போது அக்கா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து குடிக்கிறாள், மாதாமாதம் இரத்தம் பார்க்க வேண்டும். ராத்திரி அமைதியில் அவள் நெஞ்சிலிருந்து புது வால்வின் சத்தம் டிக் டிக் என்று கேட்கிறது. மணிக்கூட்டை விழுங்கிவிட்டாயா என்று சின்னவன் கேட்கிறான்.

ஆட்டோ அண்ணா, வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். விடிய நாலு மணிக்கு வந்துவிடுங்கள். இந்த முறையாவது பெற்றோல் காசை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
தம்பி