வட்டாரப் பக்கத்துக் கேலிச்சித்திரம்: முகத்தை விடுங்கள், இடத்தை வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநகரப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் என்று ஒன்று வந்தால், பெரும்பாலும் அதில் நாடறிந்த தலைவர் ஒருவர் மூக்கு நீண்டு நிற்கிறார். அதே தலைவரை அதைவிட நன்றாக வரைந்து பெரிய பத்திரிகைகள் காலையிலேயே போட்டுவிட்டன. வாசகர் அதைக் கைபேசியில் பார்த்தும் விட்டார். எரியாத தெருவிளக்கு, திறப்பு விழா முடிந்தும் தண்ணீர் ஏறாத தொட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டத்திலிருந்து நழுவும் உறுப்பினர் ஆகியவற்றை வரைய அந்த ஊர்ப் பத்திரிகையை விட்டால் ஆளில்லை. ஆனால் உள்ளூரை வரைவது தலைநகரை வரைவதைவிடக் கடினமான வேலை. அதற்கான காரணங்களையும் கைவேலை விவரங்களையும் எழுதுகிறேன். வட்டாரப் பக்கங்களுக்கு வரைபவர்களுக்கும், அந்தப் பக்கத்தை முடிக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் பயன்படலாம்.

முதல் சிக்கல் முகம். கேலிச்சித்திரத்தில் மூக்கையும் மோவாயையும் பெரிதாக்குவது எடுபடுவதற்குக் காரணம், அந்த முகம் ஏற்கெனவே வாசகர் மனத்தில் இருப்பதுதான். நகராட்சித் தலைவரின் பெயர் ஊருக்குத் தெரியும்; முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாத முகத்தை மிகைப்படுத்தினால் கிடைப்பது யாரோ ஒரு அவலட்சணமான மனிதர், அவ்வளவுதான். பெயரை எழுதி அம்புக்குறி போட்டால் அது படமாக இராது, அடையாள அட்டையாகிவிடும். 1831-இல் பாரிஸ் நீதிமன்றத்தில், கேலி இதழ் நடத்திய சார்ல் ஃபிலிப்போன், பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப்பின் முகத்தைப் படிப்படியாகப் பேரிக்காயாக மாற்றிக் காட்டினார். அதன் பிறகு பேரிக்காயை மட்டும் வரைந்தாலே மன்னர் என்று ஊருக்குப் புரிந்தது. மன்னரின் முகம் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அது முடிந்தது. அமெரிக்காவில் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1871-இல் வேறு வழி எடுத்தார்: நியூயார்க் நகர அரசியலை ஆட்டிவைத்த ட்வீடுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் பணமூட்டையை வைத்தார். முகமே இல்லை, ஆனால் ஆள் யார் என்பதில் சந்தேகமும் இல்லை. சிறுநகரத்துக்கு உதவுவது நாஸ்டின் வழி.

ஆகவே ஆளுக்குப் பதில் இடத்தையும் பதவியையும் வரைய வேண்டும். தொட்டி, பேருந்து நிலைய முகப்பு, நின்றுபோன மணிக்கூண்டு, அலுவலகப் படிக்கட்டு இவற்றில் ஒன்றை வரைந்தால் வாசகருக்கு அரை நொடியில் ஊர் புரிந்துவிடும். நாற்காலி, பெயர்ப்பலகை, வாகனம், கோப்புக்கட்டு ஆகியவை பதவியைச் சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம்: இடத்தை நினைவிலிருந்து வரையக் கூடாது. நேரில் போய் மூன்று கோணங்களில் படம் எடுங்கள், தூண்களை எண்ணுங்கள். ஆறு கால் தொட்டியை நான்கு காலில் நிறுத்தினால் கருத்தை யாரும் பேசமாட்டார்கள், காலைத்தான் எண்ணுவார்கள். படத்தில் இருப்பவர் மூன்று தெரு தள்ளி வசிக்கிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும். உடற்குறை, நிறம், குடும்பத்தார் இந்த மூன்றும் படத்துக்குள் வரக் கூடாது. நாகரிகம் ஒரு காரணம். அவை வந்தால் பேச்சு முழுவதும் அங்கேயே போய்விடும், பள்ளம் பள்ளமாகவே கிடக்கும் என்பது இன்னொரு காரணம்.

யோசனை எப்படிப் பிடிப்பது? பென்சிலை எடுக்கும் முன் மூன்று வரி எழுத வேண்டும். ஒன்று, நடந்தது என்ன என்பது, எண்ணோடு: ‘குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் 40 நாளாக மூடப்படவில்லை.’ இரண்டு, யார் மூடியிருக்க வேண்டும். மூன்று, அவர் சொல்லும் பதில்: ‘பணி நடைபெற்று வருகிறது.’ முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் படம் இருக்கிறது. பள்ளத்துக்குள் செடி முளைத்து மரமாகி, அதில் ஒரு பறவை கூடு கட்டி, ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகையைக் கொடி சுற்றிக்கொண்டால் போதும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வர முடியாது. கட்டைவிரல் அளவில் ஐந்தாறு சின்னப் படங்கள் கிறுக்கிப் பார்க்க வேண்டும். முதலில் வந்ததைத் தள்ளிவிடலாம். காலையில் அந்தச் செய்தியைப் படித்த எல்லாருக்கும் அதேதான் தோன்றியிருக்கும். தமிழில் வரைபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு, பழமொழி. பள்ளம் என்றதும் ‘கிணறு வெட்டப் பூதம்’ என்று ஒரு பூதத்தைக் கிளப்பக் கை துறுதுறுக்கும். அந்தப் பூதம் எந்த ஊர்ப் பள்ளத்திலிருந்தும் எழும்பலாம், ஆகவே அது எந்த ஊரையும் தொடாது. தொந்தியில் ‘ஊழல்’ என்று எழுதிய பெருத்த மனிதரும் இதே இனம்.

கிறுக்கியதை அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘என்ன புரிகிறது’ என்று கேளுங்கள். மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் ஒரு பொருளை நீக்குங்கள். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது அளவு. அச்சில் 16 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என்றால் மூலப்படத்தை ஒன்றரை மடங்காக, 24 × 18 செ.மீ.யில் வரைவது வசதி. கை நடுக்கமும் சின்னப் பிசிறும் குறுக்கலில் மறைந்துவிடும். ஏ4 ஸ்கேனரிலும் படம் அடங்கும். இரண்டு மடங்காக வரைந்தால் இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்ட நேரும், ஒட்டிய இடத்தில் கோடு ஒடியும். குறுக்கினால் கோடும் மெலியும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 0.3 மி.மீ. பேனாவின் கோடு அச்சில் 0.2 மி.மீ. ஆகும். அதுதான் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதம், தாங்கும் எல்லை. 0.1 பேனாவால் போட்ட கோடு அங்கங்கே அறுந்து புள்ளிகளாக விழும். வெளிக்கோட்டுக்கு 0.8, உள்விவரத்துக்கு 0.5, முகச் சுருக்கத்துக்கு 0.3 என்று வைத்துக்கொள்ளலாம். பிரஷ் பழகியவர்களுக்கு 2 அல்லது 3-ஆம் எண் போதும். ஒரே இழுப்பில் தடித்து மெலியும் கோட்டுக்கு ஈடாக எந்தப் பேனாவும் இல்லை என்பது என் கட்சி.

தாள் வழவழப்பாக, 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறையாமல் இருக்கட்டும். சொரசொரப்பான தாளில் நிப் நாரைக் கிளப்பும், மை ஊறிப் பரவும். மை நன்றாகக் காயும்வரை ரப்பரைத் தொடக் கூடாது. காய்ந்ததுபோல் தெரியும் கருமையில் ரப்பர் பட்டால் அந்த இடம் சாம்பலாகும், ஸ்கேனில் அது ஓட்டையாகத் தெரியும். வெளிர்நீலப் பென்சிலில் அடிப்படம் போட்டால் அழிக்கவே வேண்டியதில்லை, ஸ்கேன் செய்த பிறகு நீலத்தை நீக்கிவிடலாம்.

நிழலுக்கு இணைகோடு போடுபவர்கள், கோட்டின் தடிமனைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். நியூஸ்பிரிண்டில் மை பரவும், நெருங்கிய கோடுகள் கூடிக்கொண்டு கருந்திட்டாகும். சாம்பல் நிறத்திலும் இதே கதைதான். கணினியில் 50 சதவீதம் என்று வைத்த சாம்பல் தாளில் ஏறத்தாழ 75 சதவீதமாகத் தெரியும். 5 சதவீதத்துக்குக் கீழே மறையும், 85-க்கு மேலே கறுப்போடு கலக்கும். நடுவில் 20, 40 என்று இரண்டே சாம்பலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கேன் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு மூலம் அச்சளவுக்குக் குறுகும்போது அது 900 ஆகும், கோட்டுப் படத்துக்கு அது தாராளம். வெறும் கறுப்பு வெள்ளைப் படத்தை, சாம்பலே இல்லாத ‘பிட்மேப்’ முறையில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். சாம்பல் அளவுகளோடு ஜேபெக்கில் போட்டால், கோட்டின் ஓரத்தில் அச்சுப்புள்ளி விழுந்து ரம்பப்பல் போலாகும். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படரும். ஸ்கேனர் இல்லாமல் கைபேசியில் எடுப்பவர்கள் படத்தின் இருபுறமும் விளக்கு வைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுக்க வேண்டும். கிட்டே போனால் படத்தைச் சுற்றிய சட்டக்கோடு வில்லாக வளையும். ஒருபக்க வெளிச்சத்தில் எடுத்தால் இருண்ட மூலை கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது முழுக்கக் கறுத்துவிடும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் படம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி அடியில்தான்.

வண்ணம் பற்றி இரண்டே வரி. அச்சின் நான்கு மைகளின் சதவீதமும் ஓரிடத்தில் கூட்டி 240-ஐத் தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். வெளிக்கோடும் எழுத்தும் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பாக இருந்தால், ரிஜிஸ்டர், அதாவது ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று சரியாகப் பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. ண, ன, ஞ, இ, ஐ, ணை போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். அதைவிட ஆபத்து புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் விழாமல் போனால் சொல்லே மாறிவிடும். ‘கடன்’ போடவந்தவர் ‘கடன’ போட்டுவிட்டு மறுநாள் விளக்கம் தர வேண்டியிருக்கும். ஆகவே எழுத்தின் உயரம் அச்சில் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மூலத்தில் அது 4.5 மி.மீ. புள்ளியைப் பேனா நுனியால் தொட்டு வைக்காமல் சிறு வட்டமாக நிரப்பி வைக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் இன்னும் தடிமன் வேண்டும், மை உள்நோக்கிப் பரவி அதைத் தின்னும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘ஆணையர்’ என்பது ஒரு வரி, ‘ஒப்பந்ததாரர்’ என்பது இன்னொரு வரி. ஆகவே பேச்சை எழுதும் பலூனுக்குள் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. முதலில் எழுத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றிப் பலூனை வரையுங்கள். பலூனை முன்னால் வரைந்தவர்கள்தான் கடைசி வரியை நசுக்கி எழுதுகிறார்கள். முதலில் பேசுபவரின் பலூன் இடப்பக்கத்தில், உயரே இருக்க வேண்டும். படத்துக்கு அடியில் விளக்கம் வேண்டாம். பாரதியாரின் ‘இந்தியா’ இதழில் கருத்துப்படத்தோடு விளக்கமும் வந்தது. ஆனால் அது கருத்துப்படமே தமிழ் வாசகருக்குப் புதிதாக இருந்த காலம்.

இனி உண்மை. கேலி என்பதால் எதையும் வரையலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எழுத்தைப் போலவே படமும் அவதூறாகும். செய்தி ‘தாமதம்’ என்று சொன்னால் படமும் தாமதத்தைத்தான் சொல்ல வேண்டும். மேசைக்கு அடியில் நீளும் ஒரு கையைச் சேர்த்தால் அது லஞ்சக் குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் கேட்பார்கள். மூலப்படத்தின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டி, எந்தத் தேதிச் செய்தி, எந்தப் பக்கம், யார் சொன்ன பதில் என்று எழுதி வைக்கும் வழக்கம் வேண்டும். அந்தச் சீட்டில் எழுத எதுவும் இல்லையென்றால் படம் வதந்தியின் மேல் நிற்கிறது, போடக் கூடாது. மாலையில் அந்தப் பள்ளம் மூடப்பட்டுவிட்டதா என்று பக்கம் முடியும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுவதும் நல்லது. மூடிய பள்ளத்தில் மரம் வளர்ப்பதைப் போன்ற அசடு வேறில்லை.

பக்கத்தை முடிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். வரைபவருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேண்டும்: யோசனைக்கும் கிறுக்கலுக்கும் ஒன்றரை, பென்சிலுக்கு ஒன்று, மைக்கு ஒன்று, ஸ்கேனுக்கும் திருத்தத்துக்கும் அரை. ‘ஆறு மணிக்குப் பக்கம் முடிகிறது’ என்று ஐந்தரைக்குச் சொன்னால் மறுபடியும் மூக்கு நீண்ட தலைவர்தான் கிடைப்பார். கொசு, குடிநீர், மின்தடை என்று தேதிக்குக் கட்டுப்படாத படம் இரண்டு எப்போதும் இருப்பில் இருக்கட்டும். படத்தின் இடத்தையும் அளவையும் நிலையாக வையுங்கள். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால் படத்தை அகலத்தில் மட்டும் அமுக்காதீர்கள். மனிதர்கள் ஒல்லியாவார்கள், எழுத்துச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்தால்கூடப் பரவாயில்லை. ஓரத்தை வெட்டுவதாக இருந்தால் வரைந்தவரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள், மூலையில் கிடக்கும் சின்னப் பலகையில்தான் சில சமயம் முழு விஷயமும் இருக்கும். படத்தைத் திருப்பும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ‘சரியில்லை’ என்பது காரணமாகாது.

உங்கள் வட்டாரப் பதிப்புகளில் கேலிச்சித்திரத்துக்கு ஒதுக்கும் இடத்தின் சரியான அகலம், உயரம், கோப்பு வகை, பக்கம் முடியும் நேரம் இந்த நான்கையும் ஒரு முறை அச்சிட்டு வெளியிட்டால், வரைய நினைப்பவர்கள் அந்த அளவுக்கே வரைந்து அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கேலிச்சித்திரக்காரர்