நோசிங்கை மேல்படியில் நின்று தேர்ந்தெடுங்கள்: கட்டட வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடங்களையும் உள்ளலங்காரத்தையும் வடிவமைப்பவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் வரைந்து கொடுக்கும் படிக்கட்டுகளில், படியின் முன்விளிம்புக்கு நோசிங் பட்டை, அதாவது கால் வழுக்காமல் பிடிக்கவும் விளிம்பைக் காட்டவும் போடும் பட்டை, பொருத்துவது என் வேலை. மற்றவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போன பிறகுதான் என் கைக்குச் சரக்கு வரும். பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் கருப்பு கிரானைட் படிக்குக் கருப்பு ரப்பர் பதித்த பட்டை இருக்கிறது. ஏன் என்று கேட்டால், “தரையோட ஒட்டிப் போகணும், தனியாத் தெரியக் கூடாது” என்கிறீர்கள். தனியாகத் தெரிவதுதான் அதன் பாதி வேலை. அதைத்தான் பேசலாம் என்று இந்த மடல்.

படி ஏறும்போது ஒவ்வொரு படியின் முகப்பும் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. இறங்கும்போது மேல்பரப்பு மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கலங்கிப்போகும். அதோடு, இறங்குகிறவரின் பாதத்தின் முன்பகுதி ஊன்றுவது விளிம்பை ஒட்டித்தான். கால் கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டால் போதும், ஈரமோ எண்ணெயோ இல்லாமலே ஆள் விழுந்துவிடலாம். ஆகவே சொரசொரப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் விளிம்பு தெரிகிறதா என்று கேளுங்கள்.

இதைப் பார்க்க வழி இருக்கிறது. மாதிரித் துண்டை அலுவலக மேசையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்த சில படிகளில் அதைத் தற்காலிகமாக ஒட்டிவிட்டு மேலே போய் நில்லுங்கள். அந்தப் படிக்கட்டில் இரவில் எந்த விளக்கு எரியுமோ அந்த வெளிச்சத்திலேயே பாருங்கள். அப்புறம் போனில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். செம்மர நிறப் படியில் பச்சைப் பட்டை கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம். பார்வை மங்கியவருக்கு உதவுவது நிற வேறுபாடு அல்ல, வெளிர்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு. இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி, குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் நோசிங் குறைந்தது 55 மில்லிமீட்டர் அகலத்துக்கு வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது. அதுவும் படியின் மேல்பரப்பு, முகப்பு இரண்டிலும். மேல்பரப்பில் உள்ளது இறங்குகிறவருக்கு, முகப்பில் உள்ளது ஏறுகிறவருக்கு.

பட்டை விளிம்பிலேயே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அலுமினியச் சட்டத்தின் உதடு முன்னால் நீண்டு, நிறப்பட்டை அதற்குப் பின்னால் தள்ளி இருந்தால், பட்டை முடிகிற இடத்தையே கண் விளிம்பு என்று எடுத்துக்கொள்கிறது. அழகுக்காக ஒரே படியில் மூன்று கோடுகள் போடச் சொல்வதும் இதே கோளாறுதான்.

அடுத்தது உயரம். வரைபடங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இங்கேதான். எல்லாப் படிகளுக்கும் நோசிங் கணக்குப் போட்டுவிட்டு, படிக்கட்டு முடிகிற மேல்தளத்தின் விளிம்பை விட்டுவிடுகிறீர்கள். இறங்குகிறவர் முதலில் தேடுவது அந்த விளிம்பைத்தான். இன்னொன்றும் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையைப் படிகளின் மேலே ஒட்டினால், கீழ்த்தளத்திலிருந்து முதல் படியின் உயரம் 5 மில்லிமீட்டர் கூடும். மேல்தளத்தில் பட்டை இல்லாததால் கடைசி உயரம் அதே அளவு குறையும். இரண்டுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதி ஒரே படிக்கட்டில் அனுமதிக்கும் அதிகபட்ச வித்தியாசமே 9.5 மில்லிமீட்டர்தான். இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது, அதன்பின் யாரும் குனிந்து பார்த்து நடப்பதில்லை. மேல்தளத்துக்கும் ஒரு பட்டை வரைபடத்தில் எழுதுங்கள், அல்லது படியில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பட்டை படியின் மேல்பரப்போடு சமமாக உட்காரும்படி செய்யுங்கள்.

விளிம்பு முன்னால் நீள்வதிலும் அளவு வேண்டும். காலை உயர்த்தித் தூக்க முடியாதவர்களின் கால்விரல் அந்த நீட்சியின் அடியில் மாட்டும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் அணுகல் தரநிலை நீட்சியை 38 மில்லிமீட்டரோடு நிறுத்துகிறது. முனையின் வளைவு ஆரம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. கல்லை முழு வட்டமாக உருட்டிப் பாலிஷ் போடச் சொல்பவர்கள் இதை யோசிக்கலாம். பார்க்க அழகுதான், ஆனால் கால் ஊன்றும் இடத்தில் கொஞ்சம் குறைந்துபோகிறது.

பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை படும் படிக்கும், சேறோடு பூட்ஸ் ஏறும் படிக்கும் கார்போரண்டம் என்ற கடினமான, சொரசொரப்பான துகள் பதித்த பட்டை சரி. வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் அது தோலை உரிக்கும். அங்கே ரப்பர் போடுங்கள். வெயிலில் மலிவான பிவிசி வேண்டாம், விறைத்து வெடித்துவிடும். பித்தளை தேய்ந்து வழவழப்பாகும் என்பதால் நடுவே பிடிப்புள்ள பட்டை இல்லாத பித்தளையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இருட்டில் ஒளிரும் பட்டை எழுதினால் விளக்கு ஏற்பாட்டையும் பாருங்கள். ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கின் கீழ் அது போதிய வெளிச்சத்தை வாங்கி வைக்காது.

பசை மட்டும் போதும் என்று எழுதாதீர்கள். பலர் நடக்கும் படியில் பசையோடு திருகும் வேண்டும், திருகின் தலை பட்டைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். ஒரு முனை கிளம்பிய பட்டை, பட்டையே இல்லாத படியைவிட ஆபத்து.

காடி வெட்டுவதா, கான்கிரீட்டிலேயே பதிப்பதா என்பதைத் தரைக்கல் போடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே நோசிங்கின் வகை, தடிமன், நிறம், பொருத்தும் முறை நான்கையும் படிக்கட்டின் முதல் வரைபடத்திலேயே குறியுங்கள். கல் பதிப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இப்படிக்கு,
படிகளுக்கு நோசிங் பொருத்தும் ஒருவன்