பிஸ்கட் மெத்தையும் சேங்கொட்டைக் குறியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேரன் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) போய் ஐந்து மாதம் ஆகிறது. விமானப்படையில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் துணிப்பையைச் சலவை இயந்திரத்தின் முன்னால் கவிழ்த்துவிட்டு, சாப்பாடு சரியில்லை, கட்டில் முதுகைக் குத்துகிறது என்று ஆரம்பிப்பான். போன மாதம் அவனை இங்கே சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் அழைத்துப் போனேன். பழைய பிரிட்டிஷ் விமானப்படை வளாகத்தில் கறுப்பு வெள்ளை பங்களா ஒன்றில் இப்போது காப்பி விற்கிறார்கள். விலையைச் சொல்லி வாசகர்களை வருத்த விரும்பவில்லை. சுவரில் போர்க்காலப் படங்கள் மாட்டியிருந்தார்கள். எல்லாம் விமானங்கள். எந்த ரகம், எத்தனை எஞ்சின், எவ்வளவு வேகம் என்று கீழே குறிப்பு வேறு. பேரன் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “தாத்தா, இவங்கல்லாம் எங்க தூங்கினாங்க? துணி யார் துவைச்சா?”

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். துவைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பா 1937ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். பட்டுக்கோட்டைப் பக்கம். ஊரில் எங்கள் வீட்டுத் துணியை வெளுக்க வேறு ஆள் வருவார். இங்கே வந்து அப்பா, குத்தகைக்காரர் ஒருவரிடம் சேர்ந்து வெள்ளைக்காரன் சட்டைக்குக் கஞ்சி போட்டார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் ‘விமானப்படையில் உத்தியோகம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். எங்கள் பாட்டி அவர் விமானம் ஓட்டுகிறார் என்றே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அவர் சொன்னதிலிருந்துதான் அந்தச் சிப்பாய்களின் நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். விமானிகள் கொஞ்சம் பேர்தான். எஞ்சினைக் கழற்றி மாட்டுபவன், குண்டு ஏற்றுபவன், கம்பியில்லாத் தந்திக்காரன், சமையல்காரன், கணக்கெழுதும் கிராணி என்று தரையில் இருந்தவர்களே அதிகம். அதிகாரிகளுக்குப் பங்களாவும் வேலையாட்களும் இருந்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அகலமான வராந்தா வைத்த பாசறையில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு கொசுவலை, ஓர் அலமாரி. மெத்தை ஒன்றாக இருக்காது. சதுரமான மூன்று துண்டுகள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிஸ்கட்’. காலையில் மூன்று பிஸ்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போர்வையைக் கோடு பிசகாமல் மடித்து மேலே வைக்க வேண்டும். இரவில் புரண்டு படுத்தால் துண்டுகள் விலகி, நடுவில் முதுகு கம்பியில் பதியும். இதைக் கேட்டதும் பேரன் தன் கட்டிலைப் பற்றி அன்று முழுக்கப் பேசவில்லை.

சம்பளம்? போர் தொடங்கிய காலத்தில் ஆகக் கீழ்ப்படியில் இருந்த சிப்பாய்க்கு நாளுக்கு 2 ஷில்லிங். அப்போது நம் வெள்ளி (டாலர்) ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஆக ஒரு வெள்ளிகூட இல்லை, சுமார் 86 காசு. அப்பாவுக்கு 60 காசு. அவனுக்குச் சோறும் கட்டிலும் இலவசம் என்றாலும், துரை என்று நாம் கூப்பிட்ட பலர் மாதக் கடைசியில் சலவைக் கணக்கைத் தள்ளிப்போட்டவர்கள்தான்.

உடுப்பைப் பற்றி அப்பாவைப் பேச விட்டால் நிறுத்த மாட்டார். காக்கி அரைக்கால் சட்டை, ஆனால் முழங்காலுக்குக் கீழே நீளும் அளவு துணி. அந்த நீளத்தை மேலே மடித்துப் பொத்தான் போட்டு வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பொத்தானைக் கழற்றி மடிப்பை இறக்கிவிட்டு, சட்டைக் கையையும் இறக்கிவிட வேண்டும். மலேரியா பயம். கால்வாய்களில் கொசுவுக்கு எண்ணெய் தெளித்துக்கொண்டு போனவர்களும் நம் ஆட்கள்தான். அந்த மடிப்புக்குக் கரிப்பெட்டி பிடித்து இஸ்திரி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்பா கையால் செய்து காட்டுவார். இவ்வளவு பாடுபட்டும் பார்க்கச் சகிக்காத உடை அது, படங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வெயிலில் விமானத்தின் தகடு தொட முடியாமல் கொதிக்கும். அதில் ஏறி வேலை செய்பவனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. தொடை இடுக்கில் படர்தாமரை. அந்தப் படர்தாமரைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘டோபி இட்ச்’. டோபி வெளுத்த துணியிலிருந்து ஒட்டிக்கொண்டதாம்! அப்பாவுக்குச் சாகும்வரை இதில் கோபம். “அவன் வேர்வை, அவன் சொறி, பேரு மட்டும் நமக்கா?” என்பார்.

ஆனால் நம் பக்கம் ஒரு தவறும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் துணி யாருடையது என்று தெரிய, சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தச் சாற்றால் சட்டைக் கழுத்தில் சின்னதாகக் குறி போட்டுச் சுண்ணாம்பு தடவுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அழியாத கறுப்பு. அந்தச் சாறு சிலருக்குத் தோலில் ஆகாது. குறி படும் இடத்தில், பின்கழுத்தில், தடித்துக் கொப்புளம் வரும். மருத்துவர்களே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆக, இடுப்புக்குக் கீழே வந்தது அவர்கள் குற்றம், கழுத்தில் வந்தது எங்கள் குற்றம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்பா இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் 1941 டிசம்பர் 8. விடிவதற்கு முன், நாலு மணி வாக்கில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. சிலேத்தார், தெங்கா விமானத் தளங்களில் குண்டு விழுந்தது. நகரத்தில் தெருவிளக்குகளைக்கூட அணைத்திருக்கவில்லை. அன்று 61 பேர் இறந்தார்கள். அப்பா இருந்த ஜாலான் காயு தொழிலாளர் லயத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஓடினோம் என்பதை அவர் மறைத்ததில்லை. முகாமில் கூலிக்கு வேலை செய்த எத்தனையோ பேர் அந்த வாரங்களில் திரும்பி வரவில்லை. சமைக்கவும் குழி நிரப்பவும் சிப்பாய்களே இறங்க வேண்டியதாயிற்று. அப்பா மட்டும் பாக்கிச் சம்பளத்துக்காக, இரவு ரப்பர் காட்டில் படுத்துப் பகலில் போய் வந்திருக்கிறார். வீரம் ஒன்றும் இல்லை, 11 வெள்ளி பாக்கி.

அப்போது சிப்பாய்களும் பாசறையை விட்டுவிட்டு ரப்பர் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். பிஸ்கட் மெத்தை போய் ஈரத் தார்ப்பாய். டிசம்பர் மழையில் பதுங்கு குழிகளில் தண்ணீர் நின்றது. துணி காயாது. ஜனவரி 13 அன்று 51 ஹரிக்கேன் போர் விமானங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. குண்டுக்குப் பயந்து அவற்றை மறைவான இடங்களில் வைத்துப் பிரித்துப் பொருத்தினார்கள். அந்த நாட்களில் சட்டை மாற்ற யாருக்கும் நேரமில்லை. சலவைக்கு வந்த ஒன்றிரண்டும் எண்ணெயில் ஊறி, காக்கியா கறுப்பா என்று தெரியாத நிறத்தில் இருந்ததாம். அந்தப் பெட்டிப் பலகை ஒன்றைத் தூக்கி வந்துதான் இஸ்திரிப் பலகை செய்தேன் என்றும் அப்பா சொல்வார். இதை மட்டும் நான் முழுக்க நம்புவதில்லை.

ஜனவரி 26 அன்று ஜோகூரின் எண்டாவில் ஜப்பானியர் கரையிறங்கினார்கள். சிலேத்தாரில் இருந்த 36, 100 ஆகிய எண்களுள்ள படையணிகளின் வில்டபீஸ்ட் குண்டுவீச்சு விமானங்களை அங்கே அனுப்பினார்கள். இரட்டை இறக்கை, திறந்த இருக்கை, பட்டப்பகல். பல திரும்பவில்லை. அந்த வாரம் வெளுத்துக் கட்டி வைத்த மூட்டைகளில் சிலவற்றை வாங்க ஆள் வரவில்லை. அப்பா பெயர் சொல்ல மாட்டார். ஆங்கிலப் பெயர்கள் அவர் நாக்கில் நிற்காது. குறியைத்தான் சொல்வார். “ரெட்டைக் கோடு வரல. வட்டத்துக்குள்ள புள்ளி வரல.” குத்தகைக்காரர் மூட்டைகளைக் கிடங்கில் ஒப்படைக்கச் சொன்னாராம். மாதக் கணக்கைக் கழித்துக்கொண்டாரா என்று நான் சின்ன வயதில் கேட்டு, அறை வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரியில் ஜோகூர்க் கரையிலிருந்தே பீரங்கி சுட ஆரம்பித்ததும் சிலேத்தாரில் யாரும் இருக்க முடியவில்லை. அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலைக்கு நடந்தே வந்துவிட்டார். அதற்கப்புறம் மரவள்ளிக் கிழங்கும் ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டும்தான். அதற்கு வேறொரு கடிதம் வேண்டும்.

பேரனுக்கு ஆகப் பிடித்தது போர் முடிந்த பிறகு நடந்த கதை. 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் விமானப்படைச் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கராச்சியில் தொடங்கி இந்தியா, இலங்கை என்று பரவி, இங்கே சிலேத்தாருக்கும் வந்தது. சுமார் 60 நிலையங்கள், 50,000 பேர். போர் முடிந்து மாதக்கணக்காகியும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பது முதல் குறை. இருக்கும் இடமும் சாப்பாடும் மோசம் என்பதும் கூடவே சேர்ந்தது. மறுபடியும் முகாமில் வேலைக்குச் சேர்ந்திருந்த அப்பாவுக்கு அது பெரிய அதிசயம். சோற்றுக்காக வெள்ளைக்காரனும் வேலையை நிறுத்துவான் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தாராம். அதனால் பேரன் சாப்பாட்டைக் குறை சொன்னால் நான் திட்டுவதில்லை.

நான் 1974ல் தேசிய சேவைக்குத் தெங்காவுக்குப் போனபோது, முதல் வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அங்க துணி யாரு வெளுக்கிறா?” நாங்களே துவைக்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்போதுதான் சேங்கொட்டைக் கதையை முதல்முறை சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, நான் எழுத வந்த விஷயம் இதுதான். சிலேத்தார், தெங்கா, செம்பவாங், சாங்கி முகாம்களில் சமைத்தவர், வெளுத்தவர், கூட்டியவர், கால்வாய்க்கு எண்ணெய் தெளித்தவர்களின் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. அப்பா 1993 வரை இருந்தார். பதினாலு வருடம். அவரை அங்கே ஒரு நாள் அழைத்துப் போக எனக்குத் தோன்றவில்லை. ‘துணி வெளுத்த கதையை யார் கேட்பார்கள்’ என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். இப்போது பேரன் கேட்கிறான். உங்கள் ஞாயிறு பக்கத்தில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கினால், மிச்சமிருப்பவர்களாவது எழுதுவார்கள். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

அந்தக் கரிப்பெட்டி என்னிடம் இருக்கிறது. அதைச் சுற்றி வைத்திருந்த பழைய துவாலையின் ஓரத்தில் சேங்கொட்டையில் ஒரு குறி: மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. போருக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டு வைக்கவில்லை. இந்தக் குறிகளைப் படையணிவாரியாகப் போட்டார்களா, பாசறைவாரியாகவா, அல்லது சலவைக்காரர் மனம்போனபடியா என்று வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்