அரையாண்டுத் தேர்வு முடிந்த நிலையில் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றார்கள். குடிநீர்த் தொட்டியைச் சீர்செய்து தந்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி.

மதிப்பெண் பட்டியல் வழங்கிய சனிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கணக்கில் 28இலிருந்து 51க்கு வந்திருந்த ஒரு மாணவனிடம், வீட்டார் முதலில் கேட்டது "உன் அக்கா இதே வகுப்பில் எவ்வளவு வாங்கினாள் தெரியுமா?" என்றுதான். வராந்தாவில் அவனுடைய நண்பர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். இது ஒரு வீட்டில் மட்டும் நடந்ததன்று. அக்கறையால்தான் அப்படிப் பேசுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்கறை பிள்ளையிடம் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் கவலை.

ஆறாம் வகுப்புத் தமிழாசிரியை, ‘வீட்டில் நான் மகிழ்ந்த நேரம்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். சைக்கிளைப் பற்றியும் புதுத்துணியைப் பற்றியும்தான் எழுதுவார்கள் என்று நினைத்தோம். "தலை பின்னும்போது அம்மா நான் சொல்வதையெல்லாம் கேட்பார்" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அப்பத்தா தனக்கென்று முறுக்கு எடுத்துவைப்பதை ஒருவன் எழுதியிருந்தான். கடைச் சாவியை அப்பா தன்னை நம்பிக் கொடுத்ததை மற்றொருவன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். ஒரே வீட்டிலிருந்து வரும் இரட்டையரில் ஒருத்திக்கு முதுகில் தட்டிக்கொடுத்தால் போதும், அன்று முழுவதும் பூரிப்பு. மற்றவளுக்கு அது பிடிக்காது. அவள் வரைந்த படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினால் கூசிப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாக அழைத்துச் சொல்கிறோம்.

பாராட்டும் சொல்லிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. அதில் ‘நீ அறிவாளி’ என்று பாராட்டப்பட்டவர்களில் பலர் அடுத்து எளிய புதிர்களையே நாடினார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள புதிர்களைக் கேட்டார்கள். 51 வாங்கிய மாணவனுக்கு, "தினமும் விடியற்காலையில் எழுந்து கணக்குப் போட்டாயே, பார்த்தேன்" என்ற ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதை ஆசிரியர்களிடம் வலியுறுத்தும் நான், அதே வளாகத்தில் பெற்றோர் கை ஓங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். இனி மதிப்பெண் பட்டியலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வகுப்பறையில் தனித்தனியாகவே தருவோம். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இங்கே படித்தாலும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது மற்றவர் பெயரை எடுக்க வேண்டாம்.

இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்களையும், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களையும் அன்று பார்த்தேன். உங்கள் பிள்ளைகள் மீது உங்களுக்குள்ள அன்பை யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. அது எந்த வழியில் உங்கள் பிள்ளைக்குப் புரிகிறது என்பதை வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அவர் கவனித்ததை உங்களிடம் சொல்வார், நீங்கள் வீட்டில் கவனித்ததை அவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை வர முடியாதவர்கள் வேலை நாள்களில் மாலை 4.30 முதல் 5.30 வரை வரலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்