பைபோலார் உள்ள வீட்டுக்கு ஒரு நோட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலையில் சிரித்தவர் மாலையில் எரிந்து விழுந்தால் ‘அவருக்கு பைபோலார்’ என்று சொல்வது இப்போது சாதாரணப் பேச்சாகிவிட்டது. இதனால் இந்த நோயோடு வாழ்கிறவர்களின் குடும்பங்கள் கவனிக்க வேண்டியதைத் தவறவிடுகின்றன. பைபோலார் என்ற இருதுருவ மனநோயில் மனம் ஏறினாலும் இறங்கினாலும் அப்படியே பல நாள் நிற்கும். மனச்சோர்வு என்றால் குறைந்தது 2 வாரம், மனம் அளவு மீறி ஏறிய மேனியா என்றால் 1 வாரம், அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியா என்றால் 4 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கட்டங்கள் 12 மாதத்துக்குள் நான்கோ அதற்கு மேலோ வந்தால் அது ‘ரேபிட் சைக்கிளிங்’, அதாவது விரைவுச் சுழற்சி. மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் சரிவரக் கேட்காத நோயாளிகளைக் கவனித்து 1974இல் டன்னர், ஃபீவ் என்ற மருத்துவர்கள் வைத்த பெயர் இது.

நான்கு வந்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது. எழுதி வைத்தால்தான் தெரியும். நோயாளி பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான் மருத்துவரிடம் வருகிறார். நான்கு மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைத் தொடங்கிய அந்தப் பத்து நாள் அவருக்கு நோயாகத் தோன்றுவதில்லை. வீட்டாரும் ‘பிள்ளை தேறிவிட்டான்’ என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பாதிக் கதையைக் கேட்டு மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதப்பட்டால், சிலருக்கு அது மனத்தை மேலே தூக்கிச் சுழற்சியையே வேகப்படுத்திவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், தூங்கிய மணி, மாத்திரை போட்டதா விட்டதா, பெண்களுக்கு மாதவிலக்கு நாள், அன்று சாப்பிட்ட வேறு மாத்திரை, மது. மனநிலைக்கு மட்டும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் ஏற்றம், மற்றதில் இறக்கம், இரண்டுக்கும் 0 முதல் 3 வரை. ஒரே கட்டமாக வைத்தால் இரண்டும் கலந்து வரும் நிலை பதிவாகாது. உடம்பில் துடிப்பு, மனத்தில் இருட்டு, இரவில் தூக்கமில்லை என்ற அந்தக் கலவை நிலையில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். இரண்டு கட்டத்திலும் 2 விழுந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் ஒருவர் தனியாக இன்னொரு தாளில் மதிப்பெண் எழுதட்டும். மேலே போகிறவருக்குத் தான் போவது தெரியாது. நோயாளி 0 போட்ட நாளில் அம்மா 2 போட்டிருந்தால், மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அந்த நாளைப் பற்றித்தான்.

சுழற்சி வேகமாக இருப்பது நோட்டில் தெரிந்துவிட்டால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் காரணம் தேட வேண்டும். முதலில் தைராய்டு. அதைக் காட்டும் டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை எளிது. தைராய்டு குறைவுக்கும் விரைவுச் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு. லித்தியமே தைராய்டைக் குறைக்கக்கூடியது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கால்சியம் ஆகிய அளவுகளையும் பார்க்க வேண்டும். அடுத்து, விட்டுப்போன மாத்திரைகள், மது, ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ கொடுத்த ஸ்டீராய்டு. மனநிலையைச் சீராக்கும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர்கள் ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவை அப்படியே தொடங்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி முதல் நாள் போலச் சிறிய அளவிலிருந்து ஏற வேண்டும். இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கும் தோல் ஒவ்வாமை வரக்கூடும்.

லித்தியம் ரத்த அளவில் ஒரு பிழை ஓயாமல் நடக்கிறது. கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைப்பார்கள், சில வாரத்தில் நோய் திரும்பும். காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். நீண்ட காலச் சிகிச்சையில் ரத்தத்தில் லித்தியத்தை வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நச்சு.

கத்திரி வெயிலில் லித்தியம் அப்படிச் சீக்கிரம் ஏறிவிடும். வியர்வையிலும் பேதியிலும் உப்பும் நீரும் போனால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், எனலாப்ரில், லோசார்ட்டான், தயசைடு வகை ரத்த அழுத்த மருந்துகளும் அதே வேலையைச் செய்யும். மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று கேட்காமல் பாரசிட்டமால் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்காக உப்பைத் திடீரென்று நிறுத்துவதும் லித்தியத்தை ஏற்றும். கை பலமாக நடுங்கினால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால், வாந்தி பேதி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்துக்கு அடுத்தது தூக்கம். ஒரு முழு இரவு விழித்திருப்பதே சிலரை மேனியாவில் தள்ளப் போதும். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி, கல்யாண வீட்டு இரவு, நைட் ஷிஃப்ட், விடிய விடிய பஸ் பயணம் எல்லாம் இதில் அடங்கும். கோயிலுக்குப் போகலாம், பத்து மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும். அதற்காக வீட்டுப் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறாமல் இருக்கட்டும். தூக்கம் இரண்டு இரவு தொடர்ந்து 5 மணி நேரத்துக்குக் கீழே போனால், அதுவும் களைப்பில்லாமல் போனால், மருத்துவருக்குப் போன் செய்ய அந்தக் காரணமே போதும்.

நோயாளி தெளிவாக இருக்கும் நாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள்: எந்த அறிகுறி வந்தால் ஏடிஎம் கார்டையும் வண்டிச் சாவியையும் யாரிடம் கொடுப்பது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யாரை அழைப்பது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இத்தகைய முன்கூட்டிய அறிவுறுத்தலுக்கும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மேலே சொன்ன கட்டங்களோடு ஒரு மாத அட்டவணையை வெறுமையாக அச்சிட்டுத் தர வேண்டுகிறோம். வெட்டி எடுத்து ஜெராக்ஸ் போட்டுக்கொள்வார்கள். எழுத்துச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இரவில் அதை நிரப்பப் போவது பெரும்பாலும் வயதான தாய்மார்கள்.

மனநலச் செவிலியர்கள் இருவர்,
மதுரை.